ஸ்நாப்ஷாட் ஆன் செய்தாயிற்று, தனி பேக்கப் வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஐ.டி. வேலையைத் தனியாளாகப் பார்ப்பவர் கேட்டிருக்கிறார். இரண்டு கன்ட்ரோலர் உள்ள நெட்ஆப் ஸ்டோரேஜ் வாங்கியிருக்கிறார்கள். ஈ.ஆர்.பி. என்ற நிர்வாக மென்பொருளின் எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸ், வி.எம்.வேரில் ஓடும் மெய்நிகர் சர்வர்கள் (வி.எம்.), ஆபீஸ் ஃபைல் ஷேர், டாலி என்று 4 டிபி அளவுக்கு அதில் ஓடுகிறது. நிறுவிக் கொடுத்தவர், "ஸ்நாப்ஷாட் ஆன் செய்துவிட்டேன், இனி பேக்கப் என்று தனியாக எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தர்மபுரி குடோனில் அதே நெட்ஆப் கம்பெனியின் பழைய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 50 எம்.பி.பி.எஸ். லைன். சீசன் தொடங்குமுன் ஸ்நாப்ஷாட்டை எப்படி அமைப்பது, ஏதாவது ஆனால் எப்படித் திரும்ப எடுப்பது, தனி பேக்கப் உண்மையிலேயே வேண்டாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டும். ஸ்நாப்ஷாட் என்பது எடைச்சீட்டின் கார்பன் காப்பியை அதே மேஜை டிராயரில் வைத்திருப்பது மாதிரி. சீட்டில் தப்பாக எழுதிவிட்டால் உதவும். மேஜையே எரிந்தால் இரண்டும் போகும். இன்னும் கறாராகச் சொன்னால் ஸ்நாப்ஷாட் காப்பிகூட இல்லை. நெட்ஆப் பெட்டியில் டேட்டா மாறும்போது பழைய பிளாக்கை, அதாவது டிஸ்க்கில் டேட்டா இருக்கும் சிறு துண்டை, அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, புதியதை வேறு இடத்தில் எழுதுகிறது. ஸ்நாப்ஷாட் அந்தப் பழைய பிளாக்குகளைக் காட்டும் ஒரு பட்டியல், அவ்வளவே. மாறாத பிளாக்கை நேரலை டேட்டாவும் ஸ்நாப்ஷாட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் 4 டிபி வால்யூமுக்கும் (ஸ்டோரேஜைப் பிரித்துவைக்கும் பகுதிக்குப் பெயர் வால்யூம்) ஸ்நாப்ஷாட் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்து முடிகிறது. அதே காரணத்தால்தான் டிஸ்க் குழு மொத்தமாகப் போனால் ஸ்நாப்ஷாட்டும் கூடவே போகிறது.

வேறு சில ஸ்டோரேஜ்களும் லினக்ஸின் பழைய எல்.வி.எம். ஸ்நாப்ஷாட்டும் எதிர்வழியில் வேலை செய்யும். மாறப்போகும் பழைய பிளாக்கை முதலில் படித்து, ஒதுக்கிய இடத்துக்கு நகர்த்தி, அப்புறம் புதியதை எழுதும். ஒருமுறை எழுத ஒரு வாசிப்பும் இரண்டு எழுதலும் என்று ஆகும், வேகம் குறையும். உங்கள் பெட்டியில் அந்தச் சுமை இல்லை, மணிக்கு ஒன்று எடுத்தாலும் ஈ.ஆர்.பி. தடுமாறாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஸ்நாப்ஷாட் எடுத்தால் ஸ்லோ ஆகும்" என்று யாராவது பழைய அனுபவத்தில் பயமுறுத்துவார்கள்.

சரி, அவர் ஆன் செய்துவிட்டுப் போனது எதை? பெரும்பாலும் பெட்டியோடு வரும் டிஃபால்ட் பாலிசியாகத்தான், அதாவது எப்போது எடுப்பது, எத்தனை வைப்பது என்ற அட்டவணையாகத்தான் இருக்கும். அதில் மணிக்கொன்றாக 6, நாளுக்கொன்றாக 2, வாரத்துக்கொன்றாக 2 ஸ்நாப்ஷாட் நிற்கும். தினசரி ஸ்நாப்ஷாட் நள்ளிரவு 12.10-க்கு, வார ஸ்நாப்ஷாட் ஞாயிறு 12.15-க்கு. இதை ஒரு ஃபைலை வைத்துப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை எக்ஸ்போர்ட் பிரிவில் ஒரு பேக்கிங் லிஸ்ட் ஃபைல் போடுகிறார்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு யாரோ தெரியாமல் அழிக்கிறார்கள். திங்கள் காலை 10 மணிக்குத் தேடுகிறார்கள். மணி ஸ்நாப்ஷாட் ஆறும் திங்கள் விடிகாலைக்குப் பின்னால் எடுத்தவை, அதில் இல்லை. தினசரி இரண்டும் ஞாயிறு, திங்கள் நள்ளிரவு, அதிலும் இல்லை. வார ஸ்நாப்ஷாட்டில் ஒன்று நேற்றையது, இன்னொன்று ஃபைல் பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு. ஆறு, இரண்டு, இரண்டு என்று பத்து ஸ்நாப்ஷாட் திரையில் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். ஃபைல் எதிலும் இருக்காது.

ஆகவே எத்தனை ஸ்நாப்ஷாட் வைப்பது என்று யோசிக்கும் முன், எதை, எவ்வளவு பின்னால் போய், எத்தனை நேரத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்று தொழிற்சாலையில் உட்கார்ந்து கேளுங்கள். ஐ.டி. ரூமுக்குள் இதற்குப் பதில் கிடைக்காது. எடைமேடையில் இருப்பவரைக் கேட்டால் ஒரு மணி நேர எடை விவரம் போனாலும் பரவாயில்லை என்பார். ஏனென்றால் டிராக்டரில் பெங்களூரா மாங்காய் கொண்டுவந்த விவசாயி கையில் அச்சிட்ட சீட்டு இருக்கிறது, உங்களிடம் நகல் இருக்கிறது, உட்கார்ந்து திரும்ப ஏற்றிவிடலாம். அசெப்டிக் டிரம் நிரப்பும் இடத்தில் கேளுங்கள், வேறு கதை. எந்த லோடு எந்த பேட்சுக்குப் போனது, அந்த பேட்ச் எந்தெந்த டிரம்மில் அடைத்தது என்ற தொடர்பு டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கும். டிரம் மேல் பார்கோடு ஒட்டியிருக்கும், அதற்குப் பின்னால் உள்ள வரி போய்விட்டால் அந்த டிரம் ஊர்பேர் தெரியாத 215 கிலோ கூழ். வெளிநாட்டு வாங்குபவர் கூழ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. அங்கே 15 நிமிடத்துக்கு மேல் இழக்க முடியாது என்று முடிவு செய்யுங்கள். காகிதத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்துவிடும். டிஃபால்ட் பாலிசியை எழுதியவர்கள் இரவு 12 மணியையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஓய்வு நேரம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் உங்கள் கேட்டுக்கு வெளியே இரவு 2 மணிக்கும் லாரி வரிசை நிற்கும், ஞாயிறும் லைன் ஓடும். அதனால் சீசனுக்கு ஒரு பாலிசி, மற்ற மாதங்களுக்கு ஒரு பாலிசி என்று இரண்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவது இரண்டு நிமிட வேலை.

இனி வால்யூம் பிரிப்பு. இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்; இங்கே சொதப்பினால் பாலிசி எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஸ்நாப்ஷாட் எடுப்பதும் பின்னோக்கிப் போவதும் வால்யூம் அளவில் நடக்கும். ஒரே வால்யூமில் பத்து வி.எம். வைத்திருந்தால், ஒன்றுக்காக வால்யூமைப் பின்னோக்கித் தள்ளும்போது மற்ற ஒன்பதும் சேர்ந்து நேற்றைக்குப் போகும். எதெல்லாம் ஒன்றாகத் திரும்ப வர வேண்டுமோ அதெல்லாம் ஒரு வால்யூம். எது தனியாக வர வேண்டுமோ அது தனி வால்யூம். ஈ.ஆர்.பி. டேட்டாபேஸின் டேட்டா ஃபைல்களும், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் ட்ரான்ஸாக்ஷன் லாகும் ஒரே கணத்தில் பிடிக்கப்பட வேண்டும். அவை இரண்டு வால்யூமில் இருந்தால் கன்சிஸ்டென்சி குரூப் போட்டு ஒரே வீச்சில் எடுக்க வைக்க வேண்டும். டேட்டா 10.00 மணிக்கும் லாக் 10.00 மணி 3 விநாடிக்கும் எடுத்த ஜோடி எதற்கும் ஆகாது.

ஆனால் லாக் பேக்கப் ஃபைல்கள், அதாவது 15 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்.க்யூ.எல். சர்வர் வெளியே எழுதிவைக்கும் ஃபைல்கள், கட்டாயம் வேறு வால்யூமில் இருக்க வேண்டும். டேட்டா வால்யூமிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? காலை 6 மணி ஸ்நாப்ஷாட்டுக்குப் பின்வாங்குவீர்கள், அந்த 6 மணிக்கு அப்புறம் எழுதிய லாக் ஃபைல்களும் அதோடு மறைந்துபோகும். முன்னோக்கி ஓட்ட எதை வைத்துத்தான் ஓட்டுவது! டெம்ப்டிபி, பேஜ் ஃபைல் போன்ற தற்காலிக ஃபைல்கள், இரவு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கும் ஃபைல் இவற்றுக்கும் தனி வால்யூம், அதற்கு ஸ்நாப்ஷாட்டே வேண்டாம். இந்தக் குப்பைகள் நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றின் பழைய பிளாக்குகளைச் சேர்த்துவைத்து டிஸ்க்கை நிரப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

அடுத்தது, ஸ்நாப்ஷாட் எந்த நிலையில் எடுக்கப்படுகிறது என்பது. ஸ்டோரேஜ் தானாக எடுப்பது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் ப்ளக்கைப் பிடுங்கிய நிலைக்குச் சமம். எஸ்.க்யூ.எல். சர்வர் அதிலிருந்தும் பெரும்பாலும் எழுந்துவிடும், கரன்ட் போய் வந்தால் எழுவது போல. ஆனால் அப்படி எழுந்த டேட்டாபேஸ் மேல் லாக் பேக்கப்களை ஏற்ற முடியாது. 6 மணி ஸ்நாப்ஷாட் என்றால் 6 மணி நிலை மட்டும்தான் கிடைக்கும், 9.40 வரை ஓட்டிக்கொண்டு வர வழியில்லை. அதற்கு டேட்டாபேஸுக்குத் தெரிந்தே ஸ்நாப்ஷாட் எடுக்க வேண்டும். விண்டோஸில் வி.எஸ்.எஸ். என்ற ஏற்பாடு இதற்காக இருக்கிறது, எஸ்.க்யூ.எல். சர்வரிடம் டிஸ்க்கில் எழுதுவதைச் சில விநாடி நிறுத்தச் சொல்லி, அந்த இடைவெளியில் ஸ்நாப்ஷாட் எடுத்து, மறுபடி விடும். எழுத்தைப் பிடித்துவைக்க அதற்குக் கிடைப்பது 10 விநாடிதான், அதற்குள் முடியாவிட்டால் முயற்சி ரத்தாகும். ஸ்டோரேஜ் ஸ்நாப்ஷாட் நொடியில் முடிவதால் சாதாரணமாக இது பிரச்சினையில்லை. எஸ்.க்யூ.எல். சர்வர் 2022-ஆக இருந்தால் வி.எஸ்.எஸ். இல்லாமலேயே கமாண்ட் மூலம் எழுத்தை நிறுத்தி எடுக்கும் வசதியும் வந்திருக்கிறது.

உங்கள் பெட்டிக்கு இந்த வேலையைச் செய்ய ஸ்நாப்சென்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் வி.எம்.வேருக்கும் அதில் தனித்தனி ப்ளக்இன் உண்டு. அதை அமைத்ததும் அந்த வால்யூம்களில் ஸ்டோரேஜின் சொந்த அட்டவணையை நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டிருந்தால் எது டேட்டாபேஸுக்குத் தெரிந்து எடுத்தது, எது தெரியாமல் எடுத்தது என்று ராத்திரி 2 மணிக்குப் பட்டியலைப் பார்த்துக் குழம்புவீர்கள். டேட்டாபேஸின் ரெகவரி மாடல் ஃபுல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம்பிள் என்றிருந்தால் லாக் பேக்கப் என்ற பேச்சுக்கே இடமில்லை. லாக் பேக்கப்பை ஒரே ஒரு மென்பொருள்தான் எடுக்க வேண்டும். ஈ.ஆர்.பி. கொடுத்தவர் முன்பு போட்டுவைத்த ஒரு ஜாப் சத்தமில்லாமல் இன்னொரு ஃபோல்டருக்கு லாக் எடுத்துக்கொண்டிருக்கும். சங்கிலியில் பாதிக் கண்ணி இங்கே, பாதி அங்கே என்று கிடக்கும். எஸ்.க்யூ.எல். ஏஜென்ட் ஜாப் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது.

வி.எம்.வேர் திரையில் தெரியும் ஸ்நாப்ஷாட் வேறு சங்கதி. அது பேட்ச் போடுமுன் எடுத்து, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டியது. 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று வி.எம்.வேரே சொல்கிறது. அதை பேக்கப் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவைத்து, டேட்டாஸ்டோர் நிரம்பி எல்லா வி.எம்.மும் நின்றுபோன இடங்கள் ஓசூர் சிப்காட்டில் தேடினால் கிடைக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடும் அட்டவணை இப்படி இருக்கும். ஈ.ஆர்.பி.க்கு சீசனில் மணிக்கு ஒரு ஸ்நாப்ஷாட், 24 வைத்துக்கொள்வது, தினசரி 14, லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒன்று. சீசன் இல்லாதபோது 4 மணி நேரத்துக்கு ஒன்று போதும். ஃபைல் ஷேருக்கு மணிக்கொன்று பகல் நேரத்தில் மட்டும், தினசரி 30, வாரம் 8. ஃபைல் அழிந்தது தெரியவருவது எப்போதும் தாமதமாகத்தான், அதனால் அங்கே நீளம் முக்கியம். டாலி டேட்டா ஃபோல்டருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, ஆபீஸ் மூடியபின் ஒன்று. யாரும் உள்ளே இல்லாத நேரமாக இருக்க வேண்டும். வி.எம். ஓ.எஸ். டிஸ்க்குகளுக்கு தினசரி 7.

இதற்கு இடம் எவ்வளவு பிடிக்கும்? வால்யூம் உருவாக்கும்போது ஸ்நாப்ஷாட்டுக்கென்று 5 சதவீதம் ஒதுக்கியிருக்கும். 4 டிபிக்கு அது 200 ஜிபி. உங்கள் டேட்டாவில் நாளைக்கு 80 ஜிபி மாறுகிறது என்று வையுங்கள். 14 நாளுக்கு 1.1 டிபி வாக்கில் ஆகும். சீசனில் மாற்றம் இரட்டித்தால் 2.2 டிபி. ஒதுக்கிய இடத்தைத் தாண்டினால் ஸ்நாப்ஷாட் நேரலை டேட்டாவின் இடத்துக்குள் வழிந்து வரும், வால்யூம் நிரம்பினால் அதிலுள்ள லன், அதாவது சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் பகுதி, ஆஃப்லைன் ஆகிவிடும். எடைமேடை, டிரம் லைன் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். ஆகவே ஒரு வாரம் மணிக்கொரு ஸ்நாப்ஷாட் எடுத்து உண்மையான வளர்ச்சியைப் பாருங்கள், பெட்டியே ஒவ்வொன்றின் அளவையும் காட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திடீரென்று நூற்றுக்கணக்கில் ஜிபி வீங்கியிருந்தால் பெரும்பாலும் டேட்டாபேஸின் தேடல் பட்டியலைப் புதிதாகக் கட்டும் இண்டெக்ஸ் ரீபில்ட் ஜாப்தான். டேட்டாவில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, ஆனால் பிளாக் எல்லாம் புதிதாக எழுதப்பட்டிருக்கும். அதை எல்லா டேபிளுக்கும் வாராவாரம் ஓட்ட வேண்டிய அவசியமில்லை.

இடம் தீரும்போது என்ன செய்வது என்று பெட்டி உங்களைக் கேட்கும். ஒன்று, வால்யூமைத் தானாக வளர்ப்பது. இன்னொன்று, பழைய ஸ்நாப்ஷாட்டைத் தானாக அழிப்பது. வளர்ப்பதை ஆன் செய்யுங்கள். தானாக அழிப்பதை ஆன் செய்யாதீர்கள் என்பது என் கட்சி, பலர் இதற்கு எதிராகச் சொல்வார்கள். காரணம் ரான்சம்வேர், அதாவது டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அது ஃபைல்களை என்க்ரிப்ட் செய்யும்போது எல்லா பிளாக்கும் மாறுகிறது, மாறிய டேட்டா சுருங்கவும் மறுக்கிறது. சில மணி நேரத்தில் இடம் நெருக்கடி வரும். அப்போது தானாக அழிக்கும் ஏற்பாடு இருந்தால் அது கடமையைச் சரியாகச் செய்யும்: பழைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து, அதாவது நல்ல டேட்டா உள்ளவற்றிலிருந்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வரும். திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். லைன் ஒரு நாள் நிற்பது நஷ்டம்தான், இருந்தாலும் சீசன் டேட்டா முழுவதும் போவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அதே காரணத்தால் ஸ்நாப்ஷாட் அளவு வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆனால் போனுக்கு அலர்ட் வருமாறு வையுங்கள். ஆன்ட்டிவைரஸுக்கு முன்னால் இது கத்தும் சந்தர்ப்பங்கள் உண்டு.

ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். விண்டோஸின் ஷேடோ காப்பிகளை ஒரே கமாண்டில் அழிப்பது அவர்களுக்குப் பால பாடம். ஸ்டோரேஜ் அட்மின் பாஸ்வேர்ட் கிடைத்தால் உங்கள் ஸ்நாப்ஷாட் பட்டியலையும் துடைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே ஸ்டோரேஜ் லாகினை, ஆபீஸ் லாகின்களை எல்லாம் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்காதீர்கள். தனி பாஸ்வேர்ட், போனில் வரும் இரண்டாம் சரிபார்ப்பு, மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குத் தனி வி-லேன் (பிரித்துவைத்த நெட்வொர்க்). அதற்கும் மேல், பெட்டியின் மென்பொருளான ஆன்டாப் 9.12.1-இலிருந்து ஸ்நாப்ஷாட்டைப் பூட்டும் வசதி வந்திருக்கிறது. பூட்டிய காலம் முடியும்வரை அட்மினாலும் அழிக்க முடியாது. பெட்டியின் சாதாரணக் கடிகாரத்தை முன்னே தள்ளி ஏமாற்றவும் வழியில்லை, பூட்டுக்கென்று தனிக் கடிகாரம் உள்ளே ஓடுகிறது. தினசரி ஸ்நாப்ஷாட்டுகளை மட்டும் 7 நாளுக்குப் பூட்டி ஆரம்பியுங்கள். உற்சாகத்தில் ஒரு வருஷத்துக்குப் பூட்டிவிட்டு, இடம் தீர்ந்ததும் விழி பிதுங்க வேண்டாம். அதை நீங்களும் திறக்க முடியாது, கம்பெனிக்காரரும் திறக்க மாட்டார். இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் வால்யூமையோ ஸ்நாப்ஷாட்டையோ அழிக்க முடியாதபடி செய்யும் வசதி 9.11.1-இலிருந்து உண்டு. நீங்கள் தனியாள் என்பதால் இரண்டாவது ஆளாக அக்கவுண்ட்ஸ் மேனேஜரையோ முதலாளியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டன் அழுத்தத் தெரிந்தால் போதும்.

இப்போது தர்மபுரி பெட்டி. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, பேருந்து நிலையம் பக்கம் நின்ற வேன்கள் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். தென்பெண்ணைக் கரை ஊரில் தரைத்தளத்து சர்வர் ரூம் வைத்திருப்பவர் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. தர்மபுரி 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே மழை அங்கேயும் பெய்யும் என்றாலும் அதே தண்ணீர் இரண்டு கட்டடத்துக்குள்ளும் ஒன்றாக ஏறாது.

இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஸ்நாப்ஷாட்டை அங்கே அனுப்பிவைக்கும் ஸ்நாப்மிரர் போடலாம். முதல் தடவை 4 டிபியும் போக வேண்டும், 50 எம்.பி.பி.எஸ். லைன் விநாடிக்கு 6 எம்.பி. சொச்சம்தான் தள்ளும், இடைவிடாமல் ஓடினாலும் 7 நாளுக்கு மேல் ஆகும். அதனால் தர்மபுரி பெட்டியை ஃபேக்டரிக்கே எடுத்து வாருங்கள். பக்கத்தில் வைத்து உள் நெட்வொர்க்கில் முதல் நகலை முடித்து, ஓரிரு நாளில் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம் தினம் 80 ஜிபி என்றால் மூன்றரை மணி நேரத்துச் சமாசாரம், சீசனில் இரட்டித்தாலும் 7 மணி நேரம். லைன் தாங்கும், ஆனால் மணிக்கொரு ஸ்நாப்ஷாட்டையும் அனுப்பாமல் தினசரியையும் லாக் பேக்கப் வால்யூமையும் மட்டும் அனுப்புங்கள். லாக் வால்யூம் மட்டும் அரைமணிக்கு ஒருமுறை போகட்டும், அது சின்னது.

எந்த வகையில் அனுப்புகிறோம் என்பது முக்கியம். அச்சு அசல் மிரராக வைத்தால் இங்கே அழிந்த ஸ்நாப்ஷாட் அங்கேயும் அழியும், இங்கே கெட்டது அங்கேயும் கெடும். வால்ட் வகையில் வைத்தால் தர்மபுரிப் பெட்டி தன் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளும்: தினசரி 60, மாதம் 12 என்று. பழைய பெட்டி, பெரிய டிஸ்க், வேகம் குறைவு, அதற்கு ஏற்ற வேலை இது. இங்கே ஒரு பொறி. வால்ட் எந்த ஸ்நாப்ஷாட்டை எடுத்துக்கொள்வது என்பதை லேபிளை வைத்து முடிவு செய்கிறது. இந்தப் பக்கத்துப் பாலிசியில் போட்ட லேபிளும் அந்தப் பக்கத்து விதியில் உள்ள லேபிளும் ஓரெழுத்து மாறினாலும் அந்த ஸ்நாப்ஷாட் போகாது. இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள இணைப்பு 'ஹெல்தி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அமைத்த இரண்டாம் நாள் தர்மபுரிப் பெட்டிக்குள் போய், ஸ்நாப்ஷாட் பட்டியலில் நேற்றைய தேதி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லைன் பல நாள் அறுந்து கிடந்து, இரண்டு பக்கமும் பொதுவாக இருந்த கடைசி ஸ்நாப்ஷாட் காலாவதியாகிவிட்டால் 4 டிபியும் முதலிலிருந்து போக வேண்டும், மறுபடி கார்தான்.

இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே மென்பொருள். அதில் ஒரு பிழை வந்தால் இரண்டையும் தொடும். அதனால் மூன்றாவதாக, ஸ்நாப்ஷாட் அல்லாத சாதாரண பேக்கப் ஒன்று, வேறு வகை இடத்தில் வேண்டும். டேப் ஆகட்டும், அழிக்க முடியாதபடி பூட்டிய கிளவுட் பக்கெட் ஆகட்டும். கிளவுட் என்றால் மும்பை அல்லது ஹைதராபாத் சென்டரைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் எலக்ட்ரானிக் வடிவில் இருந்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில், 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு தினமும், இருக்க வேண்டும் என்று கம்பெனி கணக்கு விதி சொல்கிறது. கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டம். எட்டு வருஷத்தை ஸ்நாப்ஷாட்டில் சுமக்க நினைக்க வேண்டாம், டாலி, ஈ.ஆர்.பி. இரண்டின் மாதக் கடைசி டம்ப்பை இந்த மூன்றாம் இடத்தில் சேர்த்துவந்தால் போதும். உங்கள் ஆடிட்டரும் இதைத்தான் கேட்பார்.

திரும்ப எடுப்பது. ஒரு ஃபைல் என்றால் சுலபம். விண்டோஸில் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து முந்தைய பதிப்புகளைப் பார்த்தால் ஸ்நாப்ஷாட்கள் தேதியோடு வரும், இழுத்து வெளியே போடலாம். எக்ஸ்போர்ட் பிரிவில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

டேட்டாபேஸில் யாரோ ஒரு டேபிளைத் தப்பாக அப்டேட் செய்துவிட்டார் என்றால் முழு வால்யூமையும் பின்னே தள்ளாதீர்கள். அந்த ஸ்நாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (எழுதக்கூடிய நகல்) உருவாக்குங்கள், நொடியில் முடியும், இடமும் பிடிக்காது. அதை வேறு ஒரு சர்வரில் இணைத்து, தேவையான வரிகளை மட்டும் எடுத்து நேரலை டேட்டாபேஸில் சேருங்கள். அதே சர்வரில் இணைத்தால் டிஸ்க்கின் அடையாளம் இரண்டும் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். முழு ஈ.ஆர்.பி. வி.எம்.மையே குளோனிலிருந்து எழுப்புவதாக இருந்தால் முதலில் அதன் நெட்வொர்க் கார்டைத் துண்டியுங்கள். மறந்தால் அது எழுந்ததும் தான்தான் அசல் என்று நினைத்து, அனுப்பாமல் நின்ற இ-இன்வாய்ஸையும் இ-வே பில்லையும் இன்னொரு தரம் அனுப்ப முயலும், வாங்குபவர்களுக்கு மெயிலும் போகும். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

எல்லாமே போய், முழு வால்யூமையும் பின்வாங்க வேண்டிய நிலை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். நெட்ஆப்பில் ஒரு ஸ்நாப்ஷாட்டுக்குப் பின்வாங்கினால் அதற்கு அப்புறம் எடுத்த ஸ்நாப்ஷாட் எல்லாம் அழிந்துவிடும். புதன் ஸ்நாப்ஷாட் நல்லது என்று நினைத்துப் போகிறீர்கள், போனபின் அதுவும் கெட்டதென்று தெரிந்தால் செவ்வாய்க்குப் போகலாம். வியாழன்தான் சரி என்று தெரிந்தால் அது இனி கிடையாது. ஆகவே முதலில் குளோன் போட்டு, அந்த நாளின் டேட்டா சுத்தமா என்று பார்த்து, அப்புறம்தான் பின்வாங்க வேண்டும். கெட்டுப்போன இன்றைய நிலையையும் வேறு பெட்டிக்கு நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள். ரான்சம்வேர் என்றால் அது விசாரணைக்கும் வேண்டும். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதல் இருக்கிறது. லாகின்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை மட்டும் ஸ்டோரேஜ் ஸ்நாப்ஷாட்டால் பின்வாங்காதீர்கள். இரண்டு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் அவற்றுக்குள் கணக்கு ஒட்டாமல் போகும். அதற்கு விண்டோஸின் சொந்த பேக்கப்தான் சரி.

ஒத்திகை பார்க்க டிசம்பரிலிருந்து மார்ச்வரை உங்களுக்கு நல்ல காலம், லைன் ஓடாது. ஒரு சனிக்கிழமை, தர்மபுரிப் பெட்டியிலிருந்து மட்டுமே ஈ.ஆர்.பி.யை எழுப்பிப் பாருங்கள், ஃபேக்டரிப் பெட்டி இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு. ஸ்நாப்ஷாட்டை ஏற்றி, லாக் பேக்கப்களை ஓட்டி, டேட்டாபேஸ் சோதனைக் கமாண்டை முழுதாக ஓட விடுங்கள். அப்புறம் குடோன் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, அவர் கையில் இருக்கும் ஒரு டிரம் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பேட்ச், அந்த பேட்ச்சுக்கு வந்த லோடு எடை, விவசாயி பெயர் வரை திரையில் வருகிறதா என்று பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி முதலாளியிடம் கொடுங்கள். "ஏழு மணி நேரம் ஆகும்" என்று தாளில் கண்டால் லைன் வேகத்துக்கோ நல்ல டிஸ்க்குக்கோ பணம் கேட்பது எளிதாகும்.

இதையெல்லாம் தொடங்குமுன் வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள். ஸ்நாப்மிரர், ஸ்நாப்ஷாட் பூட்டு, ஸ்நாப்சென்டர் மூன்றுக்கும் லைசென்ஸ் உங்கள் பெட்டியில் சேர்ந்து வந்திருக்கிறதா, தர்மபுரிப் பழைய பெட்டியிலும் இருக்கிறதா, அதன் ஆன்டாப் வெர்ஷன் புதுப் பெட்டியோடு பேசும் அளவுக்கு ஏற்ற முடியுமா என்று நிறுவியவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டியில் பூட்டு வசதி வராது என்றால், பூட்டிய நகலைக் கிளவுட் பக்கெட்டில் மட்டும் வைத்துச் சமாளிக்கலாம்.